நிமிர்ந்து பார்க்கும் இடம்

திரையில் கிழவர் மறுபடியும் நிமிர்ந்தார். அக்கார்டியனின் துருத்தியை இழுத்து, மூடி, வலது கை விரல்களைக் கட்டைகள் மேல் ஓடவிட்டு, மெட்டு ஒரு சுற்று முடிகிற இடத்தில் தாடியும் தொப்பியுமாகத் தலையைத் தூக்கி, மீன்சந்தைச் சதுக்கத்தில் விளக்குக் கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே எதுவுமே இல்லாத ஓரிடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஹெப்சிபா இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்கிற வீடியோ கேமுக்கு ஊரை நிரப்பித் தருகிற வேலை. கதாநாயகனையும் வில்லனையும் குதிரையையும் அவர்களே செய்துகொள்வார்கள். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள், ரொட்டி விற்கிறவள், புறாவுக்குத் தீனி போடுகிறவர், மூலைக்கு மூலை உட்கார்ந்து வாசிக்கிற பாட்டுக்காரர்கள் என்று, துப்பாக்கியோடு ஓடுகிறவன் கண்ணில் ஓரமாகப் பட்டு மறைய வேண்டிய ஜனங்கள் எல்லாரும் பெருங்குடியிலிருந்துதான் அங்கே குடியேறுகிறார்கள். ஆபீசில் இவர்களுக்குக் 'கூட்டம்' என்று பேர். கூட்டத்தில் ஒருவர் ஒழுங்காக இருக்கிறார் என்றால் அவரை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். கவனித்துவிட்டால் அது 'பக்', பிழை. இந்த அக்கார்டியன்காரரைக் கவனித்துத் தொலைத்துவிட்டார்கள். அங்கே ஆடிப் பார்த்துப் பிழை பிடிக்கிற பையன்கள், இந்த மனுஷன் சுற்றுக்கொரு தரம் ஒரே இடத்தைப் பார்க்கிறானே, அங்கே ஏதோ புதையல் இருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த இடத்தில் குதித்திருக்கிறார்கள், தோண்டியிருக்கிறார்கள், குண்டு வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. பார்வையை வெட்டிவிடவும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்று சாயங்காலம் அந்த ஊரைப் பூட்டி அனுப்ப வேண்டும், பூட்டிய பிறகு அங்கே ஒரு புறாகூட இடம் மாற முடியாது. கழுத்து அசைவைக் காட்டுகிற கோட்டில் மேடாக எழும்பியிருக்கும் ஒரு சின்னப் பகுதியைத் தட்டையாக்கினால் போதும், கிழவர் குனிந்த தலை நிமிராமல் காலகாலத்துக்கும் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. முடித்துவிட்டுக் கிளம்பினால் எழும்பூர் ஸ்டேஷனுக்கும் போய்விடலாம். அந்தக் கிழவரின் தாடிக்கும் தொப்பிக்கும் உள்ளே இருக்கிற உடம்பு அவள் புருஷன் ஜோதிராஜுடையது. அவர் இன்று சாயங்கால வண்டியில் தன் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போகிறார், திரும்பி வருகிற எண்ணத்தோடு போகவில்லை.

கை மவுஸின் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. தலைக்கு நேர் மேலே ஏசி ஓட்டை, கழுத்து மரத்துப்போய்விட்டது, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள். காலையில் அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் தேவையில்லாமல் நடந்துகொண்டிருந்தாள், ஏதாவது சொல்லுவார் என்று. அவராகவே சொன்னது ஒன்றுதான். "ஸ்டேஷனுக்கு வரணும்னு இல்ல, ஹெப்சி. உனக்கு இன்னைக்கு வேலை இருக்கும்லா. நான் போய்க்கிடுதேன்." வரணும்னு இல்ல. வராதே என்று சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பாள், ஏன் வரக்கூடாது, நான் வருவேன், என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, லீவு சொல்லிவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். வா என்று சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம். மனுஷன் இரண்டும் இல்லாமல், கோபமும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவளும் "சரிங்க" என்றாள். இருபது வருஷம் ஒரு வீட்டில் இருந்தவர்கள் பேசிக்கொள்கிற பேச்சா இது. பிள்ளை இல்லாத வீடு, இரண்டு பேர்தான், இரண்டு பேருக்கே பேச்சுப் பஞ்சம். அக்கார்டியன் பெட்டியை அவர் முதலிலேயே வாசலில் கொண்டுபோய் வைத்திருந்தார். கொஞ்ச நாளைக்கு என்றால் அதை விட்டுவிட்டுப் போயிருப்பாரே, என்றது மனசு. அவர் அதை எதற்கு விட்டுவிட்டுப் போவார், என்றது அதே மனசு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்த மூலை காலியாக இருக்கும், பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அதைவிட ஒரு பயம் இருந்தது. அங்கே போய் அவர் நன்றாக இருந்துவிட்டால்? ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிக்க ஆள் வேண்டும் என்று அவருடைய அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும் உட்கார்ந்து அவர் வாசிப்பைக் கேட்பார்கள், முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நல்லா இருந்துச்சு தம்பி என்பார்கள், அவருக்குப் பெருங்குடியின் ஞாபகமே வராது. வர வேண்டும் என்று நினைக்க அவளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது.

கிழவர் மறுபடி நிமிர்ந்தார். குனிந்தார். முதலில் இந்த பக் வந்தபோது அவள் சிரித்தேவிட்டாள். இது பிழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பழக்கம் என்று பதில் எழுதக்கூடத் தொடங்கினாள். பல்லவி முடிகிற இடத்தில் வாத்தியக்காரர் பாடுகிறவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், திரும்பப் பாடப் போகிறாரா, சரணத்துக்குப் போகிறாரா என்று. பாடுகிறவர் தலையை அசைத்தால் அதன்படி கை போகும். கல்யாணமான புதிதில் அவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். "வாசிக்கிறவன் தன்னால ஒரு முடிவுக்கு வர முடியாது ஹெப்சி. யாராவது தலையாட்டணும்." அதற்கு முன்னால் அவளுக்கு அது தெரியாது. பெரம்பூரில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் அவர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபோது தன்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, காது மடல் சூடாகி, மூன்றாவது பாட்டில் சுருதியை விட்டு, பாட்டு வாத்தியாரிடம் ஏச்சு வாங்கி, வீட்டுக்குப் போய் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த வாத்தியாரைத்தான் பார்த்தாராம். கல்யாணத்துக்கு அப்புறம் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். "அப்ப என்னைப் பாக்கவே இல்லையா?" "வாத்தியாரைப் பாத்தேன், நடுவுல நீ நின்ன." அது ஒரு பதிலா என்று கிள்ளுவாள். ஆக, தொழில் பழக்கம். பதிலில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள், பாதி வாக்கியத்தில் விரல் நின்றுவிட்டது. போன வருஷம் இவரை ஆபீசுக்கு அழைத்துவந்து, திரையில் இருக்கிற கிழவருக்குக் கொடுப்பதற்காக உடம்பெல்லாம் பொட்டு ஒட்டி அசைவைப் பிடித்தார்களே, அந்தக் கூடத்தில் பாடுகிறவர் யாரும் இல்லை. அவர் ஒருத்தர்தான் உட்கார்ந்து வாசித்தார். அப்படியானால் இவர் யாரைப் பார்த்தார்? பதிலை அழித்துவிட்டு அதற்கப்புறம் வேறு எதையும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

யாராவது தலை தூக்கிப் பாக்கறாங்களா. இந்த வாக்கியம் அவளுடையதுதான். போன மாதம், ராத்திரி, ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னது. அன்றிலிருந்து பல் துலக்கும்போது, லிஃப்டில் நிற்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது அதுவாக வருகிறது, வேறு எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கிறது. தினகர் கல்யாண ரிசப்ஷன். தினகர் அவளுடைய டீம் லீட், அவளைவிட வயதில் சின்னவன், நல்ல பிள்ளை. போய் உட்கார்ந்த பிறகுதான் மேடையைப் பார்த்தாள். கீபோர்டு, டிரம்ஸ், ஓரத்தில் நீலக் கோட்டில் அக்கார்டியனோடு ஜோதிராஜ். எந்த மண்டபம் என்று இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொள்கிற வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் நிமிர்ந்தார், அவளைப் பார்த்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேடைக்கு முதுகு. ஆபீசில் அவருக்கு 'சொந்தத் தொழில்' என்று சொல்லிவைத்திருந்தாள், யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஒருத்தன், "மேடம், இது நம்ம ஷூட்டுக்கு வந்த அங்கிள்தானே?" என்று கேட்டான். "அவர்தான் போல," என்றாள். போல! தாலி கட்டின புருஷனுக்குப் 'போல' போட்ட நாக்கை என்ன செய்தால் தகும். பாட்டுக்கு இடைவேளை விட்டபோது அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவர்கள் மேஜைக்கு வந்தார், ஹெப்சி என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டார், அதற்குள் அந்தப் பையன் எழுந்து, "சார், நீங்க எங்க ஆபீசுக்கு வந்தீங்கல்ல?" என்றான். அவர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தட்டில் இருந்த பன்னீர்த் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா தம்பி," என்றார், "மேடம்தான் கூப்பிட்டாங்க." அவளுக்கு ஒரு கும்பிடும் போட்டார். போட்டுவிட்டு வாத்தியக்காரர்களுக்குப் பந்தி போட்டிருந்த பக்கம் போய்விட்டார். அந்த இடத்தில் எழுந்து ஓடியிருக்க வேண்டும். என்னங்க இது, என்று கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். திரும்பும்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினார்கள். அப்புறம், "ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பாள், திட்டாததால் கோபம் வந்தது. தப்பு தன் பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்துக்குத் தனி வேகம். "சாப்பிட வந்தவங்க யாராவது தலை தூக்கிப் பாக்கறாங்களா? நீங்க வாசிக்கிறது பின்னாடி ஓடற சத்தம். எங்க ஆபீஸ்ல அதுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டரே இருக்கு." காற்றில் கேட்காமல் போயிருக்கலாம் என்று கொஞ்ச நாள் நம்பிப் பார்த்தாள். ஸ்கூட்டரின் வேகம் அந்த நிமிஷத்தில் குறைந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரி, வெட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே போன வருஷத்துப் பதிவுகளைத் திறந்தாள். மொத்தப் பதிவும் இன்னும் கிடந்தது, ஒவ்வொரு டேக்கும் தனித்தனியாக. திரையில் தாடியும் இல்லை, தொப்பியும் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொட்டுகள் மட்டும், தோளுக்கு, முழங்கைக்கு, மணிக்கட்டுக்கு, நெற்றிக்கு. யாரோ ஒருவர் என்று மற்றவர்கள் நினைக்கலாம், அவளுக்கு அந்த இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருப்பது போதும். அன்றைக்கு அக்கார்டியன் வாசிக்கிற ஆள் ஊரெல்லாம் தேடிக் கிடைக்காமல் எல்லாரும் கையைப் பிசைந்தபோது, எனக்கு ஒருத்தரைத் தெரியும் என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது, அவர் வந்து அந்த இறுக்கிப் பிடிக்கிற கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொந்தி தெரிய, பொட்டு பொட்டாக நின்றபோது பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள், அந்தப் பெருமை எங்கே போனதோ. அவர் கழற்றித் தந்த சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். முதல் டேக். வெள்ளைப் பொட்டுகள் துருத்தியை இழுத்தன, மூடின, சுற்று முடிந்தது, நெற்றிப் பொட்டு மேலே எழும்பியது, உடனே கீழே இறங்கிவிட்டது. ஆமாம், அப்போது அவள் தலையாட்டினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த சுற்றுக்கு முன்னால்தான் அவளுக்கு உறைத்தது, ஒரு ஆம்பிளையின் சட்டையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவனுக்கு யார் என்று எவனும் கண்டுபிடித்துவிடுவானே. சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறவளைப்போல பால்கனிக்குப் போய்விட்டாள். அடுத்த டேக்கைத் திறந்தாள். நெற்றிப் பொட்டு எழும்பியது, கொஞ்சம் நின்றது, இறங்கியது. அதற்கு அடுத்தது. எழும்பியது, நின்றது, இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. மறுபடி வாசிங்க சார், மறுபடி வாசிங்க சார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல மனுஷன் மறுபடி மறுபடி வாசித்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் பார்வை கொஞ்சம் நீண்டிருக்கிறது. கடைசி டேக்கில் தேடக்கூட இல்லை, அந்த இடத்தையே பார்த்துவிட்டு மெதுவாகக் குனிகிறார். அந்த மெதுவான குனிதல்தான் அடுத்த சுற்றின் தொடக்கத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர்ந்தது. இத்தனை டேக்கில் இதுதான் சுத்தம் என்று பொறுக்கி எடுத்தது வேறு யாருமில்லை, அவள்தான். அவருடைய ஏமாற்றத்தை எடுத்து ஒரு ஊருக்கு நடுவில் உட்கார வைத்து, நாள் முழுக்க ஓயாமல் ஓடவிட்டிருக்கிறாள். அந்த வாசிப்பின் சத்தத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வெளிநாட்டில் வேறு யாரோ வாசித்ததை மேலே ஒட்டிவிட்டார்கள். இந்தச் சதுக்கம் தயாரானபோது வீட்டில் லேப்டாப்பில் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த விரலுக்கு இந்தச் சத்தம் வராதே," என்றார். "யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். அதற்கும் சிரித்தார்.

மணி பார்த்தாள். இப்போது எழுந்தால் கூடப் போய்விடலாம். பஸ்ஸும் ஆட்டோவும் உதவாது, நெரிசலில் மத்திய கைலாஷ் தாண்டுவதற்குள் அவர் வண்டி போய்விடும், பறக்கும் ரயிலைப் பிடித்துப் பார்க் டவுனில் இறங்கி ஓடினால் எழும்பூரில் பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். போய் என்ன சொல்வது? மன்னிச்சிடுங்க என்பதை எந்த இடத்தில் வைத்துச் சொல்வது, பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருக்கிறவரிடம், மேலே ஒலிபெருக்கி வேறு கத்திக்கொண்டிருக்கும்போது. முதலில் இதை முடிப்போம். கழுத்துக் கோட்டின் மேட்டைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கிற கட்டை மேல் விரலை வைத்தாள். விரல் மாட்டேன் என்றது. பார்த்தது தப்பில்லையே, அங்கே ஆள் இல்லாததுதானே தப்பு என்று தோன்றியது. தோன்றியதும் பரபரப்பாகிவிட்டது. ஆளை வைத்துவிட்டால்? விளக்குக் கம்பத்துக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பையனும் அங்கே வந்து தோண்டப் போவதில்லை, பார்வையையும் வெட்ட வேண்டாம். சின்ன வேலைதான், முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு தெருவுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, கூடினால் கேம் திணறும், ஒருத்தியைச் சேர்த்தால் ஒருத்தரை எடுக்க வேண்டும். புறாவுக்குத் தீனி போடுகிறவரை எடுத்துப் பார்த்தாள், புறாக்கள் அத்தனையும் வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன, பாவமாக இருந்தது, திரும்ப வைத்துவிட்டாள். கை கோத்து நடக்கிற ஜோடியில் ஆணை எடுத்தால் பெண் காற்றோடு கை கோத்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போனாள், ஐயோ, அதையும் திரும்ப வைத்தாள். சுவரில் சாய்ந்து புகை பிடிக்கிற ஒருத்தன் இருந்தான், அவன் போனால் யாருக்கும் ஒன்றும் இல்லை, அவனை எடுத்தாள். உருவங்களைச் செய்து சேர்த்துவைத்திருக்கிற கிடங்கில் இருந்த பெண்களில் மழைக்கோட்டும் தலைத்துண்டுமாக ஒருத்தியைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். கிழவர் நிமிர்ந்தார், பார்வை அவள் கழுத்தில் விழுந்தது. வெள்ளைக்காரி, உயரம் அதிகம். குறைத்தாள். இப்போது வாயில் விழுந்தது. இன்னும் குறைத்தாள், தன் உயரத்துக்கே கொண்டுவந்தாள், கிழவர் நிமிர்ந்தார், பார்வை அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. ஹெப்சிபாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இனி என்ன, எழுந்திருக்கலாம்தான். ஆனால் நிறுத்தி வைத்த பெண் சும்மா நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள், அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தாள், தூறல் விழுந்ததும் விறுவிறுவென்று நடந்துபோனாள். அவளுடைய குணம் அப்படி, கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த குணம். ஒவ்வொன்றாக எடுத்தாள். மணிக்கூண்டைப் பார்க்கக் கூடாது. மழை வந்தாலும் போகக் கூடாது. பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பக் கூடாது. எதற்கும் போகாமல் நில்லு, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், அடுத்த மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தலையாட்ட வேண்டும். தலையாட்டல் கிடங்கில் இல்லை, கையால் செய்ய வேண்டியிருந்தது. வேகமாக வைத்தால் போ போ என்று விரட்டுகிற மாதிரி இருந்தது. மெதுவாக வைத்தால் துக்கம் விசாரிக்கிறவளைப்போல இருந்தது. நல்லா இருக்கு, இன்னொரு தடவை வாசிங்க, என்று வர வேண்டும். பெரம்பூரில் கல்யாணமான புதிதில், சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கட்டிலில் உட்கார்ந்து வாசிக்க, அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று தான் எப்படித் தலையாட்டுவாள் என்று கண்ணை மூடி நினைத்து நினைத்துப் பார்த்து, திரையில் அந்தப் பெண்ணின் கழுத்தை இம்மி இம்மியாக அசைத்தாள். கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் சாய்த்து. இல்லை, இன்னும் கொஞ்சம் சாய்வு. இப்போது முடிவில் ஒரு துளி நிதானம். மெட்டு சுற்றி வந்தது, கிழவர் நிமிர்ந்தார், அவள் தலையாட்டினாள், கிழவர் குனிந்தார். அதே பார்வைதான், ஒரு அணுவையும் அவள் தொடவில்லை, ஆனால் எதிரில் ஒருத்தி இருந்ததும் அந்த மெதுவான குனிதல் திருப்தியாகக் குனிவதுபோல இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் அவள் அங்கேயே இருந்தாள். ஹெப்சிபாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, அழுகையோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. எத்தனையோ நாளாக அவருக்குச் செய்ய வேண்டியிருந்த ஒன்றைச் செய்துவிட்டது போலவே இருந்தது.

"மேடம், வெட்டச் சொன்னா ஆளையே கொண்டாந்து நிறுத்திட்டீங்களே!" முதுகுக்குப் பின்னால் தினகர். எவ்வளவு நேரமாக நின்றானோ. "சூப்பர் மேடம். இதுதான் கரெக்ட். இதையே அனுப்பிடலாம்." கையில் காபியோடு குனிந்து பார்த்தான். "அடுத்த மாசம் இன்னும் நாலு மூலைக்கு வாசிக்கிறவங்க வேணுமாம். இந்த அங்கிளையே கூப்பிட்டுடலாமா? அவர் நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல?"

"அவர் என் வீட்டுக்காரர், தினகர்."

"யாரு?"

"இவர்தான். அக்கார்டியன்."

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சொல்லவே இல்லையே மேடம். அப்ப எங்க ரிசப்ஷன்ல..." என்று ஆரம்பித்து, எதையோ நினைத்துக்கொண்டு, அப்படியே நிறுத்திவிட்டான். காபியை ஒரு வாய் குடித்தான். "சாரி மேடம்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான். அவன் எதற்கு சாரி சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் மலைபோல் பயந்திருந்த வார்த்தை வாயை விட்டு வந்துவிட்டது, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை, பக்கத்து மேஜைக்காரன் காதிலிருந்து ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவுக்காகவா? அவரிடம் உடனே சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தவள் அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கீழே சாலை முழுக்கச் சிவப்பாக வண்டிகளின் பின்பக்கம்.

போன் நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் தண்டவாளச் சத்தம், யாரோ டீ விற்கிற குரல்.

"சொல்லு ஹெப்சி."

"வண்டி கிளம்பிடுச்சாங்க?"

"தாம்பரம் தாண்டியாச்சே. சாப்பாடு வாங்கிட்டேன். நீ சாப்பிடு, எனக்காக இருக்காத."

"ஏங்க, அன்னைக்கு ஷூட்டிங்ல, நீங்க நிமிர்ந்து பாத்தீங்கல்ல..."

"என்னது? கேக்கல. சத்தமா சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு, "நீங்க நிமிர்ந்து..." என்றாள்.

"சத்தமா இருக்கு இங்க," என்றார். "எழும்பூருக்கு நீ வர மாட்டேன்னு தெரியும், நாந்தானே வரணும்னு இல்லன்னேன். தாம்பரம் உனக்குப் பக்கம்லா, அங்க ஒருவேளை நிப்பியோன்னு வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு வந்தேன். நல்ல கூட்டம். எல்லா மூஞ்சியையும் பாத்தேன்."

தாம்பரம். பெருங்குடியிலிருந்து வேளச்சேரி போய், அங்கிருந்து ஒரு ஆட்டோ. வண்டி அங்கே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததா, எத்தனை கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் ஏறியிருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்து ஒரு தடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தினமும் கேட்பதுபோலத்தான்.

"முடிஞ்சுதுங்க," என்றாள்.